கண்டனத் தீர்மானமும் இரண்டு நிமிட மௌனமும்

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. பொங்கல் முடிந்து, எம்.பி. தேர்தலுக்காக மைக் கட்டிய ஜீப்புகள் எங்கள் பக்கமெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த நேரம். கிணத்துக்கடவிலிருந்து பொள்ளாச்சி போகிற ரோட்டில் பாதியில் இறங்கி, தென்னந்தோப்புகளுக்குள் நடந்தால் எங்கள் பேரூராட்சி வரும். அதில் நான் ஏழாவது வார்டு மெம்பர். சிரிக்காதீர்கள், நிஜமாகவே மெம்பர்தான்.

பெண்களுக்கென்று ஒதுக்கிய வார்டு. எங்கள் காலனியில் யாரை நிறுத்துவது என்று பேச்சு வந்தபோது எல்லாரும் என்னைக் கை காட்டினார்கள். படித்தது எட்டாவது, வேலை தேங்காய் நார் மில்லில். தகுதி என்று பார்த்தால் வாய் ஒன்றுதான். மில்லில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதும் என் பேச்சு வெளி கேட் வரைக்கும் கேட்கும் என்பார்கள். என் வீட்டுக்காரர் அதற்கு நேர்மாறு. ஓட்டுக் கேட்கக்கூட வெட்கப்பட்டுக்கொண்டு, நோட்டீஸைக் கதவிடுக்கில் செருகிவிட்டு ஓடி வந்துவிடுவார். அப்படியும் ஜெயித்துவிட்டேன்.

ஜெயித்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. யாரை எப்படிக் கூப்பிடுவது? தலைமுறை தலைமுறையாக நாங்கள் ஊர்க்காரர்களைக் கூப்பிட ஒரு முறை, அவர்கள் எங்களைக் கூப்பிட ஒரு முறை என்று இருந்தது. மன்றத்தில் அது சரிப்படாது. புதிதாக உறவுமுறை வைத்துக் கூப்பிட இரண்டு பக்கமும் நாக்கு வரவில்லை. கடைசியில் யாரும் சொல்லாமலே வார்டு நம்பர்தான் எங்களுக்கு உறவுமுறை ஆனது. மூணாவது வார்டு மெம்பர் பெரிய தோட்டக்காரர் வீட்டு மருமகள். என் வயதுதான் இருக்கும். அவர் என்னை, "ஏனுங்க ஏழாவது வார்டு, காப்பி குடிச்சீங்களா?" என்பார். நான், "ஆச்சுங்க மூணாவது வார்டு" என்பேன். வெளியாள் யாராவது கேட்டால் பஸ் ஸ்டாண்டில் ரூட் சொல்கிறோம் என்றுதான் நினைப்பார்.

நான் மெம்பரானதே தண்ணீருக்காகத்தான். ஊர் நடுவில் பெரிய டேங்க். அதில் ஆழியாற்றுத் தண்ணீர். எங்கள் காலனிக்கு மட்டும் போர்வெல் உப்புத் தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து இதையே கத்தி, கடைசியில் டேங்கிலிருந்து காலனிக்கு ஒரு லைன் போட வைத்தேன். நல்ல தண்ணீரில் டீ போட்டுக் கொடுத்த அன்று என் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னமோ கொறையுதே" என்றார். பிறந்ததிலிருந்து உப்போடு குடித்த மனுஷனுக்கு வேறென்ன தோன்றும்?

இந்த நேரத்தில்தான் அந்த வேட்பாளர் வந்தார். கட்சி எதுவும் கிடையாது, சுயேச்சை. பெரிய தேங்காய் மண்டி வைத்திருந்தவர். கையில் பணம், கழுத்தில் எந்நேரமும் மாலை. சந்தை நாளன்று ஜீப் மேல் ஏறி நின்று பேசினார். நான் அப்போது வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பேசியதை அப்படியே எழுத எனக்கு இன்னும் கை கூசுகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். காலனிக்காரர்களை ஊர்த் தண்ணீரில் சேர்த்தால் ஊருக்கே சீக்கு வரும் என்றார். அவர்களுக்குச் சேர் போட்டு மன்றத்தில் உட்கார வைத்ததே தப்பு என்றார். "நாஞ் செயிச்சா அவங்கவங்களை அவங்கவங்க எடத்துல வெப்பனுங்க" என்றார். எங்கள் ஊரில் வெறுப்பைக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள்.

சிலர் கை தட்டினார்கள். சிலர் சிரித்தார்கள். நிறையப் பேர் தராசைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மில் மெஷினையே தோற்கடிக்கிற என் வாய் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலனிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. டேங்க் ஆபரேட்டரைக் கேட்டால், எங்கள் லைன் வால்வை மூடியாகிவிட்டது என்றார். யார் மூடச் சொன்னது என்றால், "மேல இருந்து சொன்னாங்க" என்கிறார். மேலே யார் என்று கேட்டால் டேங்கை அண்ணாந்து பார்க்கிறார். எங்கள் பெண்கள் மறுபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு தோப்புக் கிணறு வரை நடக்க ஆரம்பித்தார்கள். காலையில் தண்ணீர் கொண்டுவந்து சேர்த்து, சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகும்போது வெயில் ஏறிவிடும்.

நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன். எங்கள் பேரூராட்சித் தலைவர் நல்ல மனிதர். அதட்டிப் பேசத் தெரியாது. தோட்டத்து நாயைக்கூட "போங்க, அக்கட்டால போங்க" என்று சொல்லித்தான் விரட்டுவார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவர் கையைப் பிசைந்துகொண்டே நின்றார்.

"அம்மணி, சந்தையில பேசுனாரே, அவரு என்ற சம்சாரத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி. நாளைக்கே ஒரு விசேசமுன்னா ஒரே பந்தியில உக்காரோணும். நானாப் போயி வால்வைத் தொறந்தா, அவரை நான் அவமானப்படுத்துன மாதிரி ஆகிப்போகுமே."

"அப்ப காலனி சனம் அவமானப்பட்டாப் பரவாயில்லீங்களா?" என்றேன்.

அவருக்கு முகம் சிறுத்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மன்றம் தீர்மானம் போட்டா நான் கட்டுப்பட்டவன். அப்ப சொந்தபந்தம், ஒறம்பரைகிட்டயும், நான் என்னங்க பண்ணட்டும், மன்றம் சொல்லிப்போட்டுதுன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

சரி, போடுவோம் தீர்மானம் என்று கிளம்பினேன். அந்தப் பேச்சை மன்றம் கண்டிக்க வேண்டும், தண்ணீர் எல்லாருக்கும் பொது என்று சொல்ல வேண்டும், வால்வைத் திறக்க வேண்டும். தீர்மானம் தோற்றால் வால்வு திறக்காது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருந்தது. தோற்றுவிட்டால் அந்த ஆள் ஜீப் மேல் நின்று சொன்னதை மன்றமே ஒத்துக்கொண்டது மாதிரி ஆகிவிடும்.

பேரூராட்சி ஆபீஸில் செயல் அலுவலர் ஒருவர் இருந்தார். இ.ஓ. என்போம். பயந்த சுபாவம். நான் போய் விஷயத்தைச் சொன்னதும் பீரோவைத் திறந்து பழைய பைல்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"இந்த ஆபீஸ்ல இதுவரைக்கும் ஆரையும் கண்டிச்சதே இல்லீங்க மெம்பர்" என்றார் வருத்தத்தோடு. "மாதிரி எதுவும் கெடைக்கலீங்க. தேர்தல் நேரத்துல புது வேலை எடுக்கத்தான் தடை. கண்டிக்கறதுக்குத் தடை இருக்குதான்னும் தெரியலீங்க."

"தெரியலைன்னா இல்லைன்னு வெச்சுக்குங்க சார்" என்றேன்.

பைலில் இருந்ததெல்லாம் சாக்கடை, தெருவிளக்கு, சந்தைக் குத்தகை. இவை எதுவும் இல்லாமல் உணர்ச்சியோடு எழுதிய தீர்மானம் ஒரே வகைதான் இருந்தது, இரங்கல் தீர்மானம். ஊரில் பெரிய மனிதர் யார் தவறினாலும் போடுவது. மனுஷன் அதையே மாதிரியாக எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. கடைசிப் பத்தியில் தண்ணீர், வால்வு என்ற வார்த்தைகள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

கூட்டம் கூடியது. நான் நினைத்ததைவிட நிறையப் பேர் வந்திருந்தார்கள். பஜ்ஜி உண்டு என்ற செய்தி பரவியிருந்தது. விஷயம் ஆரம்பித்ததும், 'வன்மையாகக் கண்டிக்கிறது' என்பதில் வன்மை எதற்கு என்று ஒருவர் கேட்டார். "கண்டிக்கறதை மருவாதையாக் கண்டிக்கலாமுங்களே" என்றார் இன்னொருவர். கண்டிப்புக்குப் பதிலாக வருத்தம் என்று போட்டால் என்ன என்றார் வேறொருவர். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், வருத்தம் என்றாலும் வேட்பாளர் வருத்தப்படுவாரே என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூணாவது வார்டு எதுவும் பேசாமல் பஜ்ஜியில் எண்ணெயைப் பேப்பரில் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

ஒரு வழியாக, தீர்மானத்தை வாசித்துவிடுவோம், பிறகு பேசிக்கொள்வோம் என்று தலைவர் எழுந்தார். வாசிக்க ஆரம்பித்ததும் அவர் குரல் தானாகவே இறங்கிவிட்டது. "வேட்பாளர் அவர்களின் சந்தைப் பேச்சு என்னும் துயரச் செய்தி கேட்டு இம்மன்றம் பேரதிர்ச்சி அடைகிறது. அன்னாரது பேச்சு ஈடு செய்ய முடியாத..." என்று போகிறது. யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எல்லாருக்கும் பழகிய நடை. பேச்சை வன்மையாகக் கண்டிப்பது, குடிநீர் யாவருக்கும் பொது, ஏழாவது வார்டு வால்வை உடனே திறப்பது எல்லாம் வந்தது. அதற்கப்புறம் இ.ஓ. பழக்க தோஷத்தில் எழுதிய வரியும் வந்தது. "மன்றத்தார் அனைவரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் அனுசரிக்கின்றனர்."

அந்த வரியைக் கேட்டதுதான் தாமதம், எல்லாரும் எழுந்து தலையைக் குனிந்துவிட்டார்கள். நானும்தான். மௌனம் என்ற சொல் காதில் விழுந்தால் கால் தானாக எழுந்துவிடும், அப்படிப் பழகியிருந்தோம். எழுந்த பிறகுதான், யாருக்காக நிற்கிறோம் என்று எனக்கு உறைத்தது. பக்கத்தில் பார்த்தால் மற்றவர்களுக்கும் உறைத்திருக்கிறது. ஆனால் மௌனத்தை நடுவில் கலைத்து உட்கார யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் வந்து நின்றது. மெம்பர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள் என்று கேள்விப்பட்டு வேட்பாளரே ஓட்டுக் கேட்க வந்துவிட்டார். கும்பிட்ட கையோடு உள்ளே நுழைந்தவர் நாங்கள் நின்ற கோலத்தைப் பார்த்தார். இழவு என்று புரிந்துகொண்டார். அந்த விஷயத்தில் அவர் மரியாதை தெரிந்த மனிதர். செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கழுத்து மாலையைக் கழற்றி ஆளிடம் கொடுத்தார். வெளியே ஜீப் மைக் அவரை ஏழைகளின் தோழன் என்று கத்திக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, தலையைக் குனிந்து எங்களோடு நின்றுகொண்டார்.

மௌனத்துக்கு நேரம் பார்ப்பது இ.ஓ.வின் வேலை. அவர் வேட்பாளரைப் பார்த்த அதிர்ச்சியில் கடிகாரத்தை மறந்துவிட்டார். நின்றோம், நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி மேலே வருகிறது. நாக்கைக் கடித்து அடக்கினேன். மூணாவது வார்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. வேட்பாளர் அதைப் பார்த்து, அழுகிறார் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

கடைசியில் தலைவர் இருமியதும் உட்கார்ந்தோம். வேட்பாளர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க மாமா, ஆருங்க தவறிப்போனாங்க? எனக்கு ஒரு சேதி, தாக்கலே வல்லீங்களே."

தலைவர் இ.ஓ.வைப் பார்த்தார். இ.ஓ. மேஜையைப் பார்த்தார். மற்றவர்களெல்லாம் மேலே ஃபேனைப் பார்த்தார்கள். கரண்டு இல்லாததால் அது சும்மா நின்றுகொண்டிருந்தது.

"வயசானவங்களுங்களா? எடுத்தாச்சுங்களா? இந்த மாலையே இருக்குதுங்க, போட்டுட்டு வந்தர்றனே" என்று அவர் கேட்டுக்கொண்டே போகிறார். விட்டால் யாராவது ஒரு பெயரைச் சொல்லி, உயிரோடு இருக்கிற ஆளுக்கு மாலை போட அனுப்பிவிடுவார்கள் போலிருந்தது. அப்புறம் தீர்மானமும் போச்சு, தண்ணீரும் போச்சு. எழுந்தேன்.

"ஆரும் தவறலீங்க. நீங்க சந்தையில எங்க சனத்தைப் பேசுனீங்களே, அதைக் கண்டிச்சுத்தானுங்க இந்தத் தீர்மானம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். கையிலிருந்த துண்டைப் பார்த்தார். "என்னையக் கண்டிச்சுங்களா?" என்றவர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே, "நானும் சேந்து நின்னுபோட்டனே" என்றார் பரிதாபமாக.

ஆனால் மண்டிக்காரர் இல்லையா, சீக்கிரமே சுதாரித்துக்கொண்டார். நின்றது மௌனத்துக்குத்தானே, ஓட்டுக்கு இல்லையே என்றார். இ.ஓ.வும் தடுமாறி, இரங்கல் என்றால் நின்றாலே நிறைவேறிய மாதிரி, கண்டனத்துக்குக் கை தூக்க வேண்டும்போலத் தெரிகிறது என்று சொல்லிவிட்டார். "அப்ப தூக்கச் சொல்லுங்க, நானும் பாத்துட்டுப் போறனுங்க" என்று வேட்பாளர் சேரை இழுத்துப் போட்டு, எங்களுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

தலைவர் கேட்டார், ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்று. நான் தூக்கினேன். ஒரே ஒரு கை. எதிரே அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். அத்தனை பேரும் அவருக்கு ஒறம்பரை, இல்லாவிட்டால் அவர் மண்டிக்குத் தேங்காய் போடுகிறவர்கள். அவர் முகத்துக்கு நேராக யார் தூக்குவார்கள்? என் கை வலித்தது. இறக்கவும் முடியவில்லை. அவ்வளவு கேவலமாக என் வாழ்க்கையில் நான் உணர்ந்ததில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது மூணாவது வார்டு பேசினார். யாரைப் பார்த்தும் இல்லை, பஜ்ஜித் தட்டைப் பார்த்து.

"நாயம் அநியாயமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எங்க தோட்டத்துல தக்காளி பழுத்து அழுகிக் கெடக்குது. பறிக்க ஆளு வல்லீங்க. பொம்பளைங்கெல்லாம் தண்ணிக்கு நடந்துட்டு உச்சிப் பொழுதுக்குத்தான் வாராங்க. வால்வைத் தொறந்தாப் போதுமுங்க எனக்கு."

சொல்லிவிட்டு எண்ணெய்க் கையைத் தூக்கினார்.

சட்டென்று கூட்டம் உயிர் பெற்றது. "அதானுங்க, எங்க தோப்புலயும் மட்டை பொறுக்க ஆளில்லீங்க" என்று ஒரு கை எழுந்தது. "மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கறதுக்கு ஆளு வல்லீங்க" என்று இன்னொரு கை. கண்டிக்கிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் கைகள் எழுந்துகொண்டே இருந்தன. பாதிக்கு மேல் போய்விட்டது. கடைசியில் தலைவரே ஒரு கையைத் தூக்கிக்கொண்டு மச்சினனிடம் திரும்பினார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. உங்க மண்டிக்கே ரெண்டு நாளா லோடு ஏத்த ஆளு சரியா வல்லியாமே?"

"அட, ஆமாங்க மாமா, அது இதுனாலதானுங்களா?" என்று வேட்பாளர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அவரும் கையைத் தூக்கிவிடுவாரோ என்று எனக்கு ஒரு நிமிஷம் பயமாகிவிட்டது. நல்லவேளை, அவருக்கு ஓட்டு இல்லை. காப்பி வந்தது. குடித்துவிட்டு, எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் வால்வு திறந்தது. தேர்தலில் அவர் தோற்றார். எங்கள் தீர்மானத்தால் தோற்றார் என்றெல்லாம் பீற்றிக்கொள்ள மாட்டேன். மனசு மாறினாரா என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அப்புறம் எந்த மைக்கிலும் அந்தப் பேச்சை அவர் பேசி நான் கேட்கவில்லை.

எனக்கு மட்டும் ஒரு குறுகுறுப்பு. மூணாவது வார்டு தக்காளிக்காகத்தான் தூக்கினார் என்றாலும், அந்தக் கை இல்லாவிட்டால் என் கை தனியாகத்தானே நின்றிருக்கும். நன்றிக்கு ஒரு நாள் சும்மாவே பறித்துக் கொடுப்போம் என்று காலனிப் பெண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு, கூடையும் கையுமாக அவர் தோட்டத்துக்குப் போனேன். போய்ப் பார்த்தால் வெறும் உழுத காடு. ஒரு தக்காளிச் செடி இல்லை.

அவர் களத்திலிருந்து வந்தார். எங்கள் கூடைகளைப் பார்த்ததும் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"தக்காளிங்களா? அது பொங்கலுக்கு முன்னாலயே பறிச்சு, செடியையும் உழவு ஓட்டி உட்டாச்சுங்களே ஏழாவது வார்டு."

"அப்ப அன்னிக்கு அழுகுதுன்னு சொன்னீங்க?"

"பின்னெ என்னங்க பண்றது? நாயமுன்னு சொல்லியிருந்தா ஒருத்தரும் கையத் தூக்கியிருக்க மாட்டாங்க. எல்லாருக்கும் அவரு மூஞ்சியில முழிக்கோணுமே. எனக்கும்தானுங்க. தக்காளின்னாத் தூக்குவாங்க."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எங்கள் மானத்துக்குத் தூக்காத கை, இல்லாத தக்காளிக்குத் தூக்கியிருக்கிறது. அப்புறம் அவர் சிரிப்பைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூட வந்த பெண்களும் சிரித்தார்கள். உழுத காட்டில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எல்லாரும் காப்பி குடித்தோம். வருஷங்கள் ஓடிவிட்டன. எங்கள் காலனிக் குழாயை அதற்கப்புறம் யாரும் மூடவில்லை. அன்றைக்கு எனக்காக அப்படி ஒரு சாக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்தவரை நான் மறக்கவே மாட்டேன். ஆனாலும், எந்தச் சாக்கும் இல்லாமல், நியாயம் என்பதற்காக மட்டுமே அந்தக் கைகளெல்லாம் ஒரே ஒரு தடவை எழுவதைப் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசை எனக்கு இன்னும் விட்டபாடில்லை.